வீட்டுக் காற்றை அளந்த பெரியார் மாக்ஸ் பெட்டன்கோபர்

உண்ணும் சோற்றில் சிறு கல் ஒன்று அகப்படினும் நாம் அதனை எடுத்தெறிகின்றோம். பருகும் நீர் சிறிது கலங்கியிருப்பினும் முகஞ் சுளிக்கின்றோம். ஆனால் இராப்பகலாக உள்ளிழுக்கும் காற்று எத்தகையதென்று எண்ணிப் பார்ப்பார் மிகச் சிலரே. சோறும் நீரும் நாளொன்றுக்குச் சில வேளையே வேண்டப்படுவன. காற்றோ கணந்தோறும் வேண்டப்படுவது. அங்ஙனமிருந்தும் அதனைப் பற்றிய கவலை நமக்குக் குறைவாயிருத்தற்குக் காரணம் யாது? காற்று கண்ணுக்குப் புலப்படாது. மூக்கோ, ஓர் அறையினுள் சிறிது நேரம் இருந்த அளவிலேயே அவ்வறையின் நாற்றத்துக்குப் பழகிவிடும். ஆதலின் ஒரு வீட்டின் காற்று கெட்டிருத்தலை வெளியினின்று வருவோர் உடனே அறிவர். உள்ளே வாழ்வோர் அறியார்.

இக்குறையை நீக்கும் வழி ஒன்றே. மூக்கினை நம்பாது அளவுகோலை நம்புதலே அவ்வழி. நீரையும் நெல்லையும் அளப்பதுபோல ஓர் அறையின் காற்றையும், சுவரின் ஈரத்தையும் அளந்தறியலாமென்று உலகுக்குக் காட்டியவர் ஜெர்மனி தேசத்து மாக்ஸ் பெட்டன்கோபர் என்னும் பெரியார். சுகாதாரம் என்பதனை ஒரு விஞ்ஞானக் கலையாக நிறுவிய முதல்வர்களுள் ஒருவர் அவர். அவருடைய வாழ்க்கையை ஈண்டுச் சுருங்க எழுதப் புகுந்தோம்.

பிறப்பும் இளமையும்

பெட்டன்கோபர் 1818ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 3ஆம் தேதி, பவேரியா இராச்சியத்தில், டான்யூப் நதியை அடுத்த நாய்பர்க் நகருக்கு அருகிலுள்ள லிக்டன்ஹைம் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் சதுப்பு நிலப் பகுதியைச் சார்ந்தது. பின்னாளில் ஈரத்தின் இயல்பை ஆராய்வதில் தம் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்டவர் ஈர நிலத்திலேயே பிறந்தமை குறிக்கத்தக்கது. பெற்றோருக்குப் பிள்ளைகள் எண்மர், செல்வமோ சிறிது. ஆகவே மியூனிக் நகரில் அரண்மனை மருந்துச்சாலைக்கு அதிபராயிருந்த தந்தையின் உடன்பிறந்தார் சிறுவனைத் தம்மிடம் வருவித்துக் கல்வி பயில்வித்தார்.

அவர் கண்டிப்பு மிக்கவர். ஒருநாள் மருந்துச்சாலையில் நேர்ந்த ஒரு தவறுக்காக அவர் இளைஞரை அறைந்தனர். மானம் பொறாத இளைஞர் வீட்டைவிட்டு நீங்கி ஆக்ஸ்பர்க் நகரத்தை அடைந்து, பெயரை மாற்றிக்கொண்டு, நாடக மேடை ஏறி நடிகராயினார். உறவினர் எவ்வளவோ வேண்டியும் திரும்ப இசைந்திலர். அந்நிலையில் ஹெலன் என்னும் உறவுமுறைப் பெண் அவரை மணக்க உடன்பட்டாள். ஆனால் நாடகத்தைத் துறந்து மீண்டும் கல்வியை மேற்கொள்ளல் வேண்டுமென்று நிபந்தனை விதித்தாள். அந்நிபந்தனைக்குப் பெட்டன்கோபர் தலைவணங்கினார். ஒரு நங்கையின் உறுதி ஓர் அறிஞரை உலகுக்கு அளித்தது எனலாம்.

மீண்டு வந்தவர் ஊக்கத்துடன் பயின்று 1843ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். அதன்பின் கீசன் நகரில் லீபிக் என்னும் பேராசிரியரிடம் இரசாயனம் கற்றார். பித்த நீரை அறிதற்கு அவர் கண்ட சோதனை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1845ஆம் ஆண்டில் வேறு தொழில் கிடையாமையால் அரசாங்க நாணயச்சாலையில் அமர்ந்து, பொன்னையும் வெள்ளியையும் பிரித்தெடுக்கும் முறையைத் திருத்தினார். 1847ஆம் ஆண்டில் மியூனிக் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பதவி பெற்றார். 1850ஆம் ஆண்டில் தம்மை வளர்த்தவர் இறக்கவே, அவர் வகித்த அரண்மனை மருந்துச்சாலைப் பதவியும் இவரை வந்தடைந்தது.

அரண்மனையில் எழுந்த ஐயம்

பெட்டன்கோபரைக் காற்றாராய்ச்சியில் இறக்கியது ஒரு சிறு நிகழ்ச்சியாகும். குளிர் மிக்க அந்நாட்டில் வீடுகளைச் சூடேற்றாமல் வாழ்தல் இயலாது. பவேரியா மன்னரது அரண்மனையில் பழைய கணப்படுப்புகளுக்குப் பதிலாக, ஓரிடத்தில் காற்றைக் காய்ச்சிக் குழாய்வழியே அறைகளிற் செலுத்தும் புதுமுறை அமைக்கப்பட்டது. அங்ஙனம் வரும் காற்று வறட்சி மிகுந்து உடலுக்கு ஒவ்வாதிருக்கின்றதென்ற குறை எழுந்தது. காரணம் அறிந்து கூறும் பொறுப்புப் பெட்டன்கோபரிடம் ஒப்புவிக்கப்பட்டது.

பிறராயின் காற்றைக் காய்ச்சும் இரும்பின்மேற் பழி சுமத்தி அத்துடன் விடுத்திருப்பர். பெட்டன்கோபரோ, இரு முறைகளிலும் அறையினுட் புகும் காற்று எவ்வளவு, அறையினின்று போகும் காற்று எவ்வளவு என்று வினவினார். ஓர் அறையிலுள்ள பொருள்கள் உலர்தல் அவ்வறையின் வழியே செல்லும் காற்றின் அளவைப் பொறுத்தது என்பதைக் கண்டு 1851ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆனால் பெரியதொரு வினா அவர் உள்ளத்தில் நின்றுவிட்டது. கதவும் சன்னலும் சாத்திய அறையில் காற்று எவ்வாறு மாறுகின்றது? மணிக்கு எத்துணை மாறுகின்றது? மனிதன் நலமுடன் வாழ்தற்கு எத்துணை மாறல் வேண்டும்? இவற்றிற்கு அன்று விடை கூறுவார் இலர்.

காற்றை அளந்த முறை

மக்கள் நிறைந்த அறையின் காற்று கெடுகின்றது என்பதை எவரும் அறிவர். கெடுக்கும் பொருள்களோ பல. மூச்சினின்றும் தோலினின்றும் ஆடையினின்றும் வெளிப்படுவன. அவற்றைத் தனித்தனியே அளத்தல் அரிது. எனவே அவையனைத்துடனும் கூட வருவதும், எளிதில் அளக்கத் தக்கதுமான ஒன்றை அவர் தேர்ந்துகொண்டார். அது நாம் வெளிவிடும் கரியமில வாயு. அச்சிறு அளவில் அவ்வாயுவே நஞ்சு என்று அவர் கருதினாரல்லர். புகை கண்டு நெருப்பை அறிவதுபோல, அவ்வாயுவின் அளவு கண்டு ஏனைய அசுத்தங்களின் மிகுதியை அறியலாம் என்பதே அவர் கொள்கை.

அளக்கும் முறையும் எளிது. அறையின் காற்றைக் கொள்ளளவு தெரிந்த ஒரு பெரிய புட்டியில் நிரப்பி, அதனுட் பரைட்டா நீரை வார்த்துக் குலுக்குவார். கரியமில வாயு அந்நீருடன் கூடி வெண்ணிற வண்டலாகும். எஞ்சிய நீரின் காரத்தை ஓர் அமிலத்தால் அளந்து, எவ்வளவு வாயு இருந்ததென்று கணக்கிடுவார். வெளிக்காற்றில் அவ்வாயு அக்காலத்தில் பத்தாயிரத்தில் ஏறக்குறைய மூன்று பங்கே இருந்தது. வாழும் அறையில் அது ஆயிரத்தில் ஒரு பங்கைக் கடத்தலாகாது என்று 1858ஆம் ஆண்டில் அவர் வரையறுத்தார். கல்வி பயிலும் நம்மனோர் மறத்தற்கரிய செய்தியொன்று அந்நூலில் உண்டு. மாணாக்கர் நிறைந்த விரிவுரை மண்டபத்தின் காற்றில் ஆயிரத்தில் மூன்று பங்குக்கு மேலும், மதுச்சாலையில் ஐந்து பங்கு வரையிலும், ஒரு பள்ளியறையில் ஏழு பங்குக்கு மேலும் அவ்வாயு காணப்பட்டது! மதுச்சாலையினும் பள்ளிச்சாலை கெட்ட காற்றை உடையதாயிருந்தது என்றால், அறிவு வளர்க்கும் இடத்தை நாம் பேணும் அழகினை என்னென்பது!

பின்னர்த் தம் சொந்த அறையையே சோதனைக்கு உட்படுத்தினார். அறையின் கொள்ளளவு 75 கன மீட்டர். கரியமில வாயுவை வேண்டுமென்றே அதில் நிரப்பி, அது மணிக்கு மணி குறைந்துவரும் அளவைக்கொண்டு புதுக்காற்று புகுந்த அளவைக் கணித்தார். இதற்கு வேண்டிய கணித வாய்பாட்டைச் சைடல் என்னும் கணித அறிஞர் வகுத்துக் கொடுத்தார். வெளியே குளிரும் உள்ளே வெப்பமும் மிகுந்திருந்த நாளில் மணிக்கு 75 கன மீட்டர் காற்று மாறியது. அடுப்பில் நன்கு தீ மூட்டியபொழுது 94 ஆக உயர்ந்தது. பிளவுகளையெல்லாம் காகிதம் ஒட்டி அடைத்தும் 54 கன மீட்டர் மாறியது. உள்ளும் புறமும் வெப்பம் ஏறக்குறைய ஒத்திருந்த நாளில், கதவு சன்னல்கள் சாத்தியிருக்கையில், 22 கன மீட்டரே மாறியது. காற்றினை அறையின் வழியே ஓட்டும் விசை இன்னதென்பது இதனால் விளங்கிற்று. வெம்மையின் வேறுபாடும், வெளியே வீசும் காற்றுமே அவ்விசை. அவ்வேறுபாடு குறைந்த நாளில் சாத்திய வீடு மூச்சடங்கிய வீடாகும்.

மன்னர் இரண்டாம் மாக்ஸிமிலியன் அளித்த பொருளுதவியால் 1861ஆம் ஆண்டையொட்டி ஒரு விந்தையான கூண்டும் அமைக்கப்பட்டது. ஒரு மனிதன் அதனுள்ளே ஒரு பகலும் இரவும் உண்டு உறங்கி வாழலாம். உட்செல்லும் காற்றும் வெளிவரும் காற்றும் இடையறாது அளக்கப்படும். தம் மாணவராயிருந்த வொயிட் என்பாருடன் இதனைக் கையாண்டு, உணவு உடலில் எரியும் முறையைப் பெட்டன்கோபர் ஆராய்ந்தார்.

ஈரச் சுவரும் பூஞ்சணமும்

1872ஆம் ஆண்டில் டிரெஸ்டன் நகரில் பொதுமக்களுக்கு அவர் நிகழ்த்திய விரிவுரைகள் பெரும் புகழ் பெற்றன. உலர்ந்த செங்கல் அல்லது சாந்துக் கட்டியின் பக்கங்களை மெழுகால் மூடி, இருபுறத்தும் கண்ணாடிப் புனலைப் பொருத்தி, ஒரு புறத்தில் வாயால் ஊதினார். மறுபுறத்தில் வைத்திருந்த மெழுகுவர்த்தி அணைந்தது! கல்லுக்குள்ளும் காற்று செல்லுமென்று கண்டோர் வியந்தனர். பின்பு அக்கட்டியை நீரில் நனைத்தால் எவ்வளவு ஊதியும் காற்று செல்லாது. கல்லின் நுண்துளைகளை நீர் அடைத்துக்கொள்வதே காரணம்.

சுவர்கள் மூச்சுவிடுகின்றன என்ற அவரது கருத்து மிகையானதென்று இருபதாம் நூற்றாண்டு ஆராய்ச்சிகள் தெளிவித்தன. சாந்து பூசிய சுவரினூடே செல்லும் காற்று மிகச் சிறிது. பெரும்பகுதி கதவு சன்னல்களின் இடுக்குகள் வழியாகவே செல்கின்றது. ஆயினும் ஈரச்சுவரைப் பற்றி அவர் உரைத்தவற்றுட் பெரும்பாலன பழுதுபடவில்லை. நனைந்த சுவர் உலர்ந்த சுவரினும் விரைவில் வெப்பத்தைக் கடத்தும். ஆதலின் குளிர்ந்து நிற்கும். குளிர்ந்த சுவரின்மேல் அறையின் நீராவி வியர்வைபோற் படியும். படியவே சுவர் மேலும் நனையும். அங்ஙனம் ஓதம் ஏறிய மூலையிலே பூஞ்சணம் பூக்கும். புதிதாகக் கட்டிய வீட்டின் செங்கல்லிலும் சாந்திலும் பல்லாயிரம் லிட்டர் நீர் அடங்கியிருப்பதை அவர் கணக்கிட்டுக் காட்டி, அஃது உலருமுன் குடிபுகுதல் தீதென எச்சரித்தார்.

இவ்வெச்சரிக்கையின் அருமையை உணரல் வேண்டின் அக்கால ஏழைகளின் நிலையை அறிதல் வேண்டும். பெர்லின் முதலிய நகரங்களில் புதுக்கட்டடங்கள் விரைவாக எழுந்த காலம் அது. ஈரம் உலராத வீடுகளைச் செல்வர் விரும்பார். ஆகவே ஏழைக் குடும்பங்களைக் குறைந்த வாடகைக்கு அவற்றிற் குடியேற்றுவர். அவர்கள் மூட்டும் அடுப்பாலும் விடும் மூச்சாலும் சில திங்களில் சுவர் உலரும். உலர்ந்ததும் அவர்கள் வேறொரு ஈர வீட்டிற்கு ஓட்டப்படுவர். பிறர் வாழ்தற்குரிய வீட்டைத் தம் உடல்நலத்தை ஈந்து உலர்த்திக் கொடுத்த அம்மக்களின் துயரை எழுதவும் கை நடுங்குகின்றது. ஈரத்தை அளத்தல் வெறும் அறிவு விளையாட்டன்று. அறத்தின்பாற் பட்டதுமாம் என்பது இதனால் தெளிவாம்.

பூஞ்சணத்தைப் பற்றிய மற்றொரு நிகழ்ச்சியும் ஈண்டுக் கூறற்பாலது. அரசரது சித்திரசாலையில் பண்டை ஓவியங்கள் மங்கி வெண்படலம் மூடிக் காணப்பட்டன. பூஞ்சணம் பற்றியது என்று பலரும் அஞ்சினர். பெட்டன்கோபர் உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணைகொண்டு ஆராய்ந்தார். பெரும்பாலான படங்களை மங்கச் செய்தது பூஞ்சணம் அன்று. ஈரம் ஏறி இறங்குதலால் மேற்பூசிய வார்னிஷில் விழுந்த நுண்ணிய வெடிப்புகளே என்று கண்டார். 1863ஆம் ஆண்டில் சாராய ஆவியால் அவ்வெடிப்புகளை இணைத்து ஓவியங்களைத் தெளிவுறச் செய்யும் முறையையும் வகுத்தார். அம்முறை ஓவியங்களுக்குக் கேடும் செய்யக்கூடும் என்பது பிற்காலத்தில் அறியப்பட்டது. எனினும் கண்டவுடன் பெயரிட்டு விடாது, இன்னது எனத் தேர்ந்த பின்னரே மருந்து தேடல் வேண்டும் என்ற பாடம் நிலைத்தது. வீட்டுச் சுவரில் கருமையோ வெண்மையோ காண்போர்க்கும் அப்பாடம் பொருந்தும்.

நகருக்கு ஆற்றிய தொண்டு

1865ஆம் ஆண்டில் மியூனிக் பல்கலைக்கழகத்தில் சுகாதாரக் கலைக்கென்று தனி ஆசிரியப் பதவி ஏற்படுத்தப்பட்டுப் பெட்டன்கோபருக்கு அளிக்கப்பட்டது. 1879ஆம் ஆண்டில் அக்கலைக்கென்று தனி ஆராய்ச்சிக் கழகமும் திறக்கப்பெற்றது. பல தேசத்து மாணவர்கள் அவரை நாடி வந்தனர். அவர் தூண்டுதலால் மியூனிக் நகரில் கழிவுநீர்க் கால்வாய்கள் அமைந்தன. 1883ஆம் ஆண்டு முதல் மங்க்பால் பள்ளத்தாக்கினின்று மலைநீர் நகருக்கு வரலாயிற்று. குடற்காய்ச்சலுக்குப் பேர்பெற்றிருந்த அந்நகர் சில ஆண்டுகளில் அந்நோய் அரிதான நகராயிற்று. அவ்வாண்டிலேயே அரசர் அவருக்குப் பிரபுப் பட்டம் வழங்கினார்.

காலராவும் அவர் பிழையும்

பெரியோர் வரலாற்றை எழுதுவோர் அவர்தம் பிழைகளை மறைத்தல் தகாது. 1854ஆம் ஆண்டில் மியூனிக் நகரில் காலரா பரவியபொழுது, எந்தெந்த வீட்டில் எத்தனை பேர் இறந்தனர் என்று வீடுவீடாகக் கணக்கெடுத்துப் பெட்டன்கோபர் ஆராய்ந்தார். அந்நோய் அவரையும் அவர் வீட்டினரையும் தாக்கியது. தம் ஆராய்ச்சியினின்று, நோய்க்கு வித்து ஒன்று இருப்பினும், அசுத்தம் ஊறிய நிலமும் நிலத்தடி நீரின் ஏற்றத்தாழ்வும் கூடினாலன்றி அது பரவாது என்று முடிவு செய்தார். குடிநீரே நோயைக் கொணர்கின்றது என்பதை மறுத்தார். அக்காலத்து இந்தியாவில் சுகாதார அதிகாரிகள் பலர் அவர் கொள்கையைப் பின்பற்றினர். காலராவை ஆராய 1868ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட லூயிஸ், கன்னிங்ஹாம் என்னும் இரு மருத்துவரும் முதலில் மியூனிக் சென்று அவரைக் கண்டே வந்தனர். நீரின்மீது வைக்க வேண்டிய கவனம் நிலத்தின்மீது வைக்கப்பட்டமையால் இந்நாட்டில் விளைந்த இழப்பு சிறிதன்று.

ராபர்ட் காக் என்பார் 1884ஆம் ஆண்டில் கல்கத்தாவில் காலராக் கிருமியைத் தேர்ந்து காட்டிய பின்னரும் பெட்டன்கோபர் மனம் மாறவில்லை. 1892ஆம் ஆண்டில் ஹாம்பர்க் நகரில் வடிகட்டப்படாத ஆற்றுநீரால் காலரா பரவி 8,600 பேருக்கு மேல் மாண்டனர். அவ்வாண்டு அக்டோபர் மாதம் 7ஆம் தேதி, எழுபத்துமூன்று வயது நிரம்பிய பெட்டன்கோபர், சாட்சிகள் முன்னிலையில் அக்கிருமிகள் நிறைந்த நீரைத் தாமே பருகினார். சிறிதளவு வயிற்றுப்போக்குடன் பிழைத்துக்கொண்டார். தம் கொள்கை வென்றதென்று கருதினார். உலகமோ அவர் துணிவை வியந்து, கொள்கையைக் கைவிட்டது. ஆயினும் ஒன்று கூறுதல் வேண்டும். நிலம் தூயதாதல் வேண்டுமென்ற அவர் கொள்கையே கால்வாய்களைக் கட்டுவித்தது. அக்கால்வாய்கள் எண்ணற்ற உயிர்களைக் காத்தன. காரணத்திற் பிழைத்தவர் காரியத்திற் பிழைத்திலர். காற்றாராய்ச்சியில் அளவுகோலின் சொற்கேட்டு நடந்தவர், காலராவிலும் அங்ஙனமே நடந்திருப்பாராயின் அவர் புகழ் இன்னும் ஒளிர்ந்திருக்கும்.

இறுதி நாட்கள்

1890ஆம் ஆண்டில் அவர் பவேரிய விஞ்ஞானக் கழகத்தின் தலைவராயினார். அவ்வாண்டே, நாடக மேடையினின்று அவரை மீட்ட ஹெலன் அம்மையார் காலமானார். மக்களுட் பலரும் அவருக்கு முன்னரே இறந்தனர். 1894ஆம் ஆண்டில் ஆசிரியப் பதவியினின்று நீங்கினார். முதுமையும் தனிமையும் நோயும் அவரை வருத்தின. மனச்சோர்வு மிகுந்து, 1901ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 10ஆம் தேதி தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார் என்பதை வருத்தத்துடன் எழுதுகின்றோம். பிறர் இல்லங்களிற் காற்றும் ஒளியும் புக வழிசெய்தவரின் உள்ளத்தே புகுந்த இருளை நீக்குவார் அன்று இலராயினர்.

நாம் கொள்ளத்தக்கது

பெட்டன்கோபர் மறைந்து நூறாண்டுகளுக்கு மேலாயின. ஆயினும் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அவர் வரையறை இன்றும் பல தேசங்களில் அறைக்காற்றின் தூய்மையை மதிப்பிடும் அளவாக வழங்குகின்றது. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபொழுது ஜெர்மனி முதலிய நாடுகளில் வகுப்பறைகள் பலவற்றில் கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவிகள் வைக்கப்பட்டன. பரைட்டா நீர்ப் புட்டி செய்த பணியை அவை நொடியிற் செய்கின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வீட்டின் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் பற்றித் தனி நெறிமுறை வெளியிட்டு, அவை இழுப்பு முதலிய மூச்சு நோய்களோடு தொடர்புடையன என்று அறிவித்தது.

ஒரு வீட்டைச் சோதிப்பார் கொள்ள வேண்டிய முறையையும் இப்பெரியார் வாழ்க்கையினின்றே கற்கலாம். முதலாவது, அசுத்தத்தின் பிறப்பிடத்தைத் தேடி அகற்றுக. அறையினுட் குப்பை கிடக்கச் சன்னலைத் திறந்து பயனில்லை என்பது அவர் வலியுறுத்திய உண்மை. இரண்டாவது, நீர் புகும் வழியை அடைக்க. கூரையின் ஒழுக்கும், குழாயின் கசிவும், நிலத்தினின்று ஏறும் ஓதமும் நிற்க, பூஞ்சணத்தின்மேல் வெள்ளையடித்தல் புண்ணை மூடிப் பட்டுடுத்தலை ஒக்கும். மூன்றாவது, காற்று வரவும் போகவும் எதிரெதிரே வழி அமைக்க. நான்காவது, இவையனைத்தும் செய்த பின்னரும் மூக்கை நம்பாது அளந்து பார்க்க.

மாணவ நண்பர்காள்! மழைக்கு அஞ்சிச் சன்னல்களைச் சாத்திப் பலர் கூடிப் பயிலுங்கால் தலை கனத்து உறக்கம் வருமாயின், நூலின்மேற் பழி போடாது, எழுந்து சன்னலைத் திறப்பீராக. இன்னும் ஈர வீடுகளில் வாழும் ஏழை மக்கள் எண்ணிறந்தோர். மருத்துவராகவும் கட்டடக் கலைஞராகவும் நகராட்சியாளராகவும் நாளை விளங்கவிருக்கும் நீவிர், அவர்தம் சுவர்களைத் தொட்டுப் பார்க்க மறவாதிருப்பீராயின், பெட்டன்கோபரின் சரித்திரத்தைப் படித்ததன் பயனை அடைந்தோராவீர்.